பருவுக்குப் போட்ட க்ரீமே பரு கொண்டுவந்த கதை

"முப்பத்தஞ்சு வயசாச்சுங்க டாக்டர், இப்பப் போய் எனக்கு எதுக்குங்க பரு?" கொடுமுடி பக்கம் ஓ.பி.ல உட்கார்ந்தா இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நான் திருப்பி ஒண்ணுதான் கேப்பேன். "முகத்துக்கு என்ன போடறீங்க?" பையில இருந்து ஒரு சின்ன ட்யூப் வெளிய வரும். (த்ரெட்)

ட்யூப் பின்னாடி பொடி எழுத்துல மூணு பேர் இருக்கும். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், மொமெட்டசோன். கடைசியில இருக்கறது ஸ்டீராய்டு. இந்த மூணும் ஒரே ட்யூபுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாப்போம்.

1952-ல் சுல்ஸ்பெர்கர், விட்டன்ங்கற ரெண்டு அமெரிக்க தோல் டாக்டர்கள், ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோல் மேலயே தடவினா வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. அரிப்பு, சிவப்பு எல்லாம் சட்டுனு அடங்கிச்சு. தோல் மருத்துவத்துல பெரிய திருப்பம் அது. இன்னைக்கும் கரப்பானுக்கு நான் எழுதற மருந்துதான், குறை சொல்லல.

அடுத்து வர்றவர் ஆல்பர்ட் க்ளிக்மன். ட்ரெடினோயின் பருவுக்கு வேலை செய்யும்னு 1969-ல் அவரும் கூட்டாளிகளும் எழுதினாங்க. (அவர் பிலடெல்பியாவுல ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளோட தோல்ல ஆராய்ச்சி பண்ணின கதை தனி த்ரெட்டுக்கு ஆகும். படிச்சா தூக்கம் வராது.)

1975-ல் அவரே இன்னொரு கலவையைச் சொன்னார். ஹைட்ரோகுயினோன் 5%, ட்ரெடினோயின் 0.1%, கூட ஒரு ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன் 0.1%. மங்கு மாதிரி கருந்திட்டுகளை வெளுக்க வைக்க. கவனிங்க, பருவுக்கு இல்ல.

அதே 1975-லதான் இந்தியாவுல ஃபேர் அண்ட் லவ்லி வந்துச்சு. அதுல ஸ்டீராய்டு கிடையாது, ஆனா "வெள்ளையானா நல்லது"ங்கற நினைப்பை வீடு வீடா கொண்டுபோச்சு. 2020-ல் பேரை மாத்தினாங்க. நினைப்பு மாறல.

அந்த நினைப்பும் க்ளிக்மன் கலவையும் சந்திச்ச இடம் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப். நம்ம மருந்துச் சட்டத்துல டாக்டர் சீட்டு கேக்கற ஷெட்யூல் எச் பட்டியல்ல, வெளிப்பூச்சு மருந்துக்கு ஒரு விலக்கு இருந்துச்சு. அந்தச் சந்துலதான் ஸ்டீராய்டு க்ரீம் வருசக்கணக்கா சோப்பு சீப்பு மாதிரி வித்துச்சு. 2018 மார்ச்சுலதான் அரசு அந்தச் சந்தை அடைச்சுது. அடைச்சாங்களே தவிர, ட்யூப் இன்னும் பையில இருந்து வந்துட்டேதான் இருக்கு.

2011-ல் வந்த ஒரு ஆய்வு. இந்தியாவுல பல ஊர்கள்ல முகத்துல தோல் பிரச்சினைன்னு வந்த 2,926 பேரைப் பாத்தாங்க. 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு போட்டுட்டு இருந்தாங்க. அதிகமா வந்த பக்கவிளைவு என்ன தெரியுங்களா? பரு.

ஏன்னா, ஸ்டீராய்டு முதல்ல ரத்தக்குழாயைச் சுருக்கி வீக்கத்தை அமுக்கிரும். முகம் பளிச்னு ஆயிரும். மாசங்கள் போகப்போக தோல் மெலியும், முடி வளரும், சிவந்த நரம்பு தெரியும், பொரிப்பொரியா பரு வரும். நிறுத்தினா மூஞ்சி தீ மாதிரி எரியும். "நிறுத்தினாத்தானே வருது"ன்னு மறுபடி தடவுவாங்க. மருந்துதான் நோய்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

"அப்ப மஞ்சளே பூசிக்கட்டுங்களா?"ம்பாங்க. மஞ்சக்காட்டு ஊராச்சே, கேக்கத்தான் செய்வாங்க. நம்ம பாட்டிங்க பூசின மஞ்சள் பருவைத் தீர்க்கும்னு நான் சொல்ல மாட்டேன். இந்த ட்யூப் செய்யற சேதத்தை அது செய்யாது, அவ்வளவுதான்.

பெரியவங்களுக்கு வர்ற பருவுக்கு நிஜமான மருந்து இருக்கு. அடாபலீன், பென்ஸாயில் பெராக்ஸைடு. ராத்திரி கொஞ்சமா ஆரம்பிச்சு, ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும். கர்ப்பமா இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டம் இருந்தாலோ அடாபலீன் வேண்டாம், முன்னாடியே சொல்லிருங்க. மாசவிலக்கு தள்ளித் தள்ளிப் போனா அதையும் சொல்லுங்க, ஹார்மோன் பாக்கணும்.

இப்ப எந்திரிச்சு உங்க க்ரீமை எடுத்துட்டு வாங்க. பின்னாடி பேர் "சோன்"னு முடியுதா, இல்ல "க்ளோபெட்டசால்"னு இருக்கா பாருங்க. இருந்தா, ரொம்ப நாள் போட்டிருந்தா, திடீர்னு நிறுத்தாதீங்க. அந்த ட்யூபையே கையில எடுத்துக்கிட்டு அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்கு வாங்க. திட்ட மாட்டோம்.