வேட்டைத் துவக்குக்குச் சைலன்சர்: கனடாச் சட்டம் என்ன சொல்கிறது?

லண்டனில் இருக்கும் உறவினர் தமது .22 வேட்டைத் துவக்குக்கு எந்தச் சைலன்சர் நல்லது என்று தெரிவு செய்யலாம். ரொறன்ரோவில் அந்தத் தெரிவே கிடையாது. சுடும் சத்தத்தைக் குறைக்கவென்று செய்த எதுவும் குற்றவியல் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட சாதனம். வேட்டை உரிமம் இருந்தாலும் அதேதான். துப்புரவுச் சாமான் என்ற பெயரில் இணையத்தில் விற்பவற்றிலும் கவனம் தேவை.

தெரிந்தே வைத்திருந்தால் உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். எம்மவர் பார்க்க வேண்டிய எண் அதுதான். குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவாளர் இக்குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், கிடைத்தது வெறும் அபராதமானாலும் நாடுகடத்தல் வரை போகலாம்.

சத்தம்தான் கவலையென்றால், ஒலியைவிட மெதுவாகச் செல்லும் 'சப்சொனிக்' தோட்டா வாங்கலாம். ரவை காற்றைக் கிழிக்கும் சத்தம் போகும், வெடிச்சத்தம் இருக்கும். காதுக்கவசம் போடுங்கள்.