மேற்கோள் எண்ணும் ஆய்வுத் தகுதியும்: பீட்டர் ஹிக்ஸின் கட்டுரை வரலாறு

மேற்கோள் என்பது தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியமையாலேயே சில பாடல்கள் நமக்கு எஞ்சின. ஆயினும், எடுத்துக்காட்டப் பெறாத நூல் தகுதியில் தாழ்ந்தது என்று நாம் கூறுவதில்லை. அறிவியல் உலகிலோ, ஒருவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவை எத்தனை முறை மேற்கோளாயின என்று எண்ணித் தகுதி காணும் வழக்கம் பரவியுள்ளது. இவ்வளவுகோல் எத்துணைப் பொருந்தும் என்பதை இயற்பியலறிஞர் ஒருவரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பீட்டர் ஹிக்ஸ் (1929–2024) எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய் இருந்தபோது, 1964ஆம் ஆண்டில் இரண்டு சிறு கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றும் இரண்டு பக்க அளவினது. விசைகளைக் கடத்தும் துகள்கள் நிறை பெறுதல் எங்ஙனம் என்பதே அவற்றின் பொருள். முதற் கட்டுரையை ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழ் வெளியிட்டது. இரண்டாவதை ஏலாது திருப்பியது. ஹிக்ஸ், நிறையுடைய புதிய துகள் ஒன்றைச் சுட்டும் பகுதியைச் சேர்த்து, ‘பிசிக்கல் ரெவியூ லெட்டர்ஸ்’ இதழுக்கு விடுத்தார். அஃது அக்டோபரில் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் பெயரை நிலைநாட்டியது, திருப்பப் பெற்ற அக்கட்டுரையே. பிரசெல்சு நகரத்துப் பிரௌட், ஏங்லேர் என்னும் இருவர் இக்கருத்தை அவருக்கு முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில் அச்சேற்றியிருந்தனர் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

முதற்சில ஆண்டுகளில் இக்கட்டுரைகளைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1967இல் வைன்பர்க்கும், 1968இல் அப்துஸ் சலாமும் மின்காந்த விசையையும் மென்விசையையும் ஒன்றுபடுத்தும் தம் கொள்கையில் இக்கருத்தை ஆண்டனர். அக்கொள்கை முரணின்றிக் கணக்கிடத்தக்கது என்று 1971இல் ட் ஹூஃப்ட் நிறுவிய பின்னரே மேற்கோள்கள் பெருகின. 2012 ஜூலை 4ஆம் நாள் செர்ன் ஆய்வகம் துகள் கண்ட செய்தியை அறிவித்தது. 2013இல் ஏங்லேருக்கும் ஹிக்ஸுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பிரௌட் 2011இலேயே மறைந்துவிட்டார்.

1964க்குப் பின் ஹிக்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. அண்மைக் கட்டுரைப் பட்டியல் கேட்டுத் துறையினர் எழுதியபோதெல்லாம் ‘இல்லை’ என்றே விடை விடுத்ததாகவும், இக்காலத்தில் தமக்குப் பல்கலைக்கழகப் பணி கிட்டாது என்றும் அவர் 2013இல் கூறினார்.

எண்ணும் கருவிகளின் வரலாறும் நோக்கத்தக்கது. கார்ஃபீல்டு தொகுத்த அறிவியல் மேற்கோள் அடைவு, அதே 1964இல்தான் முறையாக வெளிவரத் தொடங்கியது. ஹிர்ஷ் என்பார் 2005இல் எச்-எண் என்பதை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, பத்து முறையேனும் மேற்கோளாகியிருப்பின் அவர் எண் பத்து. ஆயிரம் முறை மேற்கோளான ஒரே கட்டுரையை எழுதியவர்க்கு எண் ஒன்றே. கட்டுரைத் தொகையை இவ்வெண் ஒருபோதும் மிஞ்சாது. அன்றியும், ஒரு கருத்து பொதுவுடைமையாகிவிட்டால் மூலக் கட்டுரையைச் சுட்டாமலே பெயரை ஆள்வர். ‘ஹிக்ஸ் துகள்’ என்பது அவ்வாறு ஆயிற்று. புகழ் முதிருங்கால் மேற்கோள் ஒழிதலும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

‘இறுதியில் மேற்கோள்கள் பெருகினவன்றோ?’ என வினவலாம். பெருகின, ஆனால் தகுதி வெளிப்பட்ட பின்னரே பெருகின. 1966இல் ஹிக்ஸை இவ்வெண்களால் அளந்திருப்பின், அவர் கருத்தின் ஆழம் எவர்க்கும் புலப்பட்டிராது. அன்று அதனை அறிந்தவர்கள் அக்கட்டுரையைப் படித்த சிலரே.

ஆகவே, மேற்கோள் எண் தகுதியைப் பின்தொடர்ந்து வருவதேயன்றி முன்னறிந்து கூறுவதன்று. ஆய்வாளரைத் தேர்வோர் எண்ணைக் காணுதல் தவறன்று. எண்ணைக் கண்டு கட்டுரையைப் படியாது விடுதலே தவறு என்பது நம் துணிபு.