சவரக்கத்தியைத் தன் கையில் எடுத்தவர்கள்: ஒரு குட்டி வரலாறு

1/
1842, ஜனவரி 1. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கான்கார்ட்னு ஒரு சின்ன ஊர். ஜான் தோரோ என்ற இளைஞர், முப்பது வயசு கூட ஆகலை, சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டிட்டு இருக்கார். கத்தி நழுவி மோதிர விரல் நுனியை லேசா சீவிடுச்சு. கிழிஞ்ச தோலை அப்படியே மேல வச்சு, துணியைச் சுத்திட்டு, வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

2/
ஒரு வாரம் கழிச்சுக் கட்டைப் பிரிச்சா, அந்தத் தோல் செத்துப் போயிருக்கு. அடுத்து தாடை இறுக ஆரம்பிச்சது. அப்புறம் உடம்பெல்லாம் முறுக்கி இழுத்தது. ஜனவரி 11, தம்பியோட கைகளிலேயே உயிர் போச்சு.
அந்தத் தம்பி யார் தெரியுமா? 'வால்டன்' எழுதிய ஹென்றி டேவிட் தோரோ.

3/
இந்த நோய்தான் டெட்டனஸ். நம்ம ஊர்ல ரண ஜன்னி. மண்ணிலயும் சாணத்திலயும் இருக்கிற கிருமியோட வித்து காயத்துக்குள்ள போகும். காத்து புகாத இடமா இருந்தா வளர்ந்து நஞ்சு விடும். அந்த நஞ்சு நரம்பு வழியா ஏறி, தசைகளைத் தளரவே விடாது. பெரும்பாலும் முதல்ல மாட்டுறது தாடை.
அண்ணனுக்குச் சவரம் பண்ணும்போது வெட்டுப்படலை, கவனிச்சீங்களா? கத்தியைத் தீட்டும்போது பட்டது.

4/
இன்னைக்கு ஏன் இந்தக் கதை? சமீபமா என்கிட்ட வர்ற பசங்க சிலர், "டாக்டர், பழைய சவரக்கத்தி வாங்கியிருக்கேன், வீடியோ பார்த்துக் கத்துக்கிறேன்"ன்னு சொல்றாங்க. கன்னத்தில் பிளாஸ்திரியோட.
சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. நானும் ஒண்ணு வாங்கினேன். முதல் நாளே தாடையில் ரெண்டு கோடு. அப்புறம்தான் இதோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

5/
பிளாஸ்டிக் ரேசரோடவே வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். சவரக்கத்தின்னா கைப்பிடிக்குள்ள மடங்குற நீளமான கத்தி. தடுப்பு எதுவும் கிடையாது. கூருக்கும் உங்க தோலுக்கும் நடுவுல இருக்கிறது உங்க கைப்பழக்கம் மட்டும்தான்.
அதனாலதான் பல நூற்றாண்டுகளா பெரும்பாலான ஆண்கள் தனக்குத் தானே சவரம் செஞ்சுக்கலை. அது நாவிதர் வேலை.

6/
அந்த நாவிதர் சவரம் மட்டுமா பண்ணார்? ஐரோப்பாவில் பல் பிடுங்குறது, கட்டி கீறுறது, ரத்தம் எடுத்து விடுறது எல்லாம் அவர்தான். 1215ல் கத்தோலிக்கத் திருச்சபை, மேல்நிலைக் குருமார்கள் அறுவை வேலை செய்யக் கூடாதுன்னு விதி போட்டது. பல்கலைக்கழகத்தில் படிச்ச மருத்துவர்களும் கத்தியைத் தொடுறது தனக்குக் கேவலம்னு நினைச்சாங்க. கூர்மையான கத்தியும் நடுங்காத கையும் யார்கிட்ட இருந்தது? நாவிதர்கிட்ட.

7/
நவீன அறுவை சிகிச்சையின் முன்னோடின்னு நாங்க கொண்டாடுற அம்புருவாஸ் பாரே, 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் நாவிதர் கடையில் தொழில் பழகினவர்தான்.
லண்டனில் 1540ல் நாவிதர்களையும் அறுவை மருத்துவர்களையும் ஒரே சங்கமா இணைச்சாங்க. பிரிஞ்சது 1745ல். பிரிட்டனில் சர்ஜனை இன்னைக்கும் 'டாக்டர்'னு கூப்பிடாம 'மிஸ்டர்'னு கூப்பிடுறது இந்தப் பழைய பிரிவினையோட மிச்சம்.

8/
நம்ம ஊரிலும் இதே கதைதான் மக்களே. தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே ஒரு பெயர் உண்டு. கட்டிக்கும் புண்ணுக்கும் அவங்ககிட்டதான் போனாங்க. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பல ஊர்களில் அந்த வீட்டுப் பெண்தான். நான் இன்னைக்குப் பெயருக்கு முன்னாடி போட்டுக்கிற பட்டம் அவங்க குலப்பெயராகவே இருந்திருக்கு. உயிரைக் கொடுத்து அவங்களை நம்பிய ஊர், திண்ணையில் உட்கார விடலைங்கிறதையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும்.

9/
சரி, கத்தி எப்போ நம்ம கைக்கு வந்தது? அதுக்கு முதல்ல நல்ல எஃகு வேணும். 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பக்கத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, மண் மூசையில் எஃகை முழுசா உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டு வந்தார். எஃகு சீரா, கடினமா வந்தது. மெல்லிய கூரைத் தாங்கி நிற்கும் கத்தி செய்ய முடிஞ்சது. ஷெஃபீல்டு சவரக்கத்தி உலகமெல்லாம் போச்சு.

10/
அடுத்து வேண்டியது வாத்தியார். அவர் பாரிஸில் இருந்தார். பெயர் ழான் ழாக் பெரே. கத்தி செய்யும் கொல்லர். 1769ல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்போட அர்த்தமே 'தனக்குத் தானே சவரம் செய்யக் கற்கும் கலை'. தீட்டுகல்லை எப்படிப் பார்த்து வாங்குறது, தோல் வாரை எப்படித் தயார் பண்றதுன்னு எல்லாம் அதில் இருக்கு. இன்னைக்கு நீங்க பார்க்கிற வீடியோக்களுக்குக் கொள்ளுத்தாத்தா அது.

11/
எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். அந்தச் சவரப் புத்தகத்தோட கடைசியில், ரத்தம் எடுத்து விடுறதைப் பத்தி ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கார் பெரே. பிரான்சில் சர்ஜனும் நாவிதரும் சட்டப்படி பிரிஞ்சது 1743ல். கால் நூற்றாண்டு ஆகியும் ரெண்டு வேலையும் ஒரே அட்டைக்குள்ளதான் இருந்திருக்கு.

12/
புதுசாப் பழகுறவன் பயப்படுவான்னு அவருக்குத் தெரியும். தச்சரோட இழைப்புளி பார்த்திருப்பீங்க. கட்டைக்குள்ள இருந்து உளி கொஞ்சமா மட்டும் எட்டிப் பார்க்கும். அதே மாதிரி கத்திக்கு ஒரு மர உறை போட்டார். கூர் ஒரு மயிரிழைதான் வெளியே நீட்டும். ஆழமா இறங்காது. இன்னைய பாதுகாப்பு ரேசரோட விதை அதுதான்.

13/
இப்போ கத்துக்கிறவங்களுக்கு, காரணத்தோட நாலு பாடம்.
முதல் பாடம் தீட்டுறது. வாரில் கத்தியைப் படுக்க வச்சு, முதுகு முன்னால, கூர் பின்னால வர்ற மாதிரி இழுக்கணும். திருப்பும்போது முதுகுப் பக்கமா உருட்டணும். அவசரமே கூடாது. நிறைய பேர் கையை அறுத்துக்கிறது இங்கதான். ஜான் தோரோவும் இங்கதான்.

14/
ரெண்டாவது தண்ணி. காய்ஞ்ச தாடி முடி ரொம்ப விறைப்பா இருக்கும். முடியில் இருக்கிற கெரட்டின் தண்ணியை இழுத்து ஊறினா மெத்துன்னு ஆகும். வெந்நீரில் ரெண்டு மூணு நிமிஷம் நனைச்சு, சோப்பு நுரை போடுங்க. நம்ம சலூன்காரர் பேசிக்கிட்டே நிதானமா பிரஷ் சுத்துறாரே, அது சும்மா இல்லை.

15/
மூணாவது கோணம். கத்தி தோலோட சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கணும். நிமிர்ந்தா சுரண்டும். ரொம்பப் படுத்தா முடியை இழுக்கும். இன்னொரு கையால தோலை இழுத்துப் பிடிங்க. முடி வளரும் திசையில் போங்க. எதிர்த் திசையில் ஒட்டச் சிரைச்சா, சுருட்டை முடிக்காரங்களுக்கு முடி திரும்பத் தோலுக்குள்ளயே குத்தி வளர்ந்து கட்டி கட்டியா வரும்.

16/
நாலாவது பொறுமை. முதல் சில வாரம் கன்னம் மட்டும். மேலுதடு, முகவாய் எல்லாம் பழைய ரேசரிலேயே. நான் முதல் நாளே முகவாய்க்குப் போனேன். அந்த ரெண்டு கோடு அப்படி வந்ததுதான்.
"கழுத்து நரம்பு அறுந்துடுமா"ன்னு எல்லாரும் கேட்பாங்க. பெரிய ரத்தக்குழாய் தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி உள்ளே இருக்கு. சவரக் கீறலில் கசியுறது மேல்தோலை ஒட்டிய நுண்குழாய்கள்தான்.

17/
அப்போ ஆபத்து எங்க? கண்ணுக்குத் தெரியாத கீறல்களில். சவரக்கத்தி தோலில் நுண்ணிய வெட்டுகளை விட்டுட்டுப் போகும். ஆபரேஷனுக்கு முன்னாடி முடியை ரேசரால சிரைக்கிறது பத்தி 1971ல் வந்த ஒரு ஆய்வு: சிரைச்சவங்களில் 5.6% பேருக்குக் காயத்தில் தொற்று. சிரைக்காதவங்க, முடி நீக்கும் களிம்பு போட்டவங்களில் 0.6%தான். அதனால இப்போ தேவைப்பட்டா கிளிப்பரால கத்தரிக்கிறதோட சரி. எங்க தொழிலைப் பெத்த கத்தியை நாங்களே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிறுத்திட்டோம்.

18/
இதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒண்ணு உண்டு. துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்தவர் லார்டு கார்னார்வன். எகிப்தில் கன்னத்தில் கொசு கடிச்சது. அந்தத் தடிப்பைச் சவரம் பண்ணும்போது கீறிட்டார். புண் பழுத்து, ரத்தத்தில் தொற்று பரவி, நிமோனியாவும் சேர்ந்து 1923 ஏப்ரல் 5ல் கெய்ரோவில் இறந்தார். பத்திரிகைகள் 'மம்மியின் சாபம்'னு எழுதின. பென்சிலினை ஃபிளெமிங் கண்டுபிடிக்க இன்னும் அஞ்சு வருஷம் இருந்தது. சாபம் அதுதான்.

19/
இதுக்குள்ள இன்னொரு பக்கம் ஜில்லெட் வந்தாச்சு. வீசி எறியும் மெல்லிய பிளேடு. 1903ல் வித்தது மொத்தம் 51 ரேசர். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு வாங்கினது சுமார் 35 லட்சம். போர் முடிஞ்சு வீடு திரும்பின தலைமுறைக்குத் தீட்டத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெரே எழுதிக் கத்துக்கொடுத்த கலை, ஒரு தலைமுறையில் சலூனுக்கே திரும்பிப் போச்சு.

20/
கிருமி பக்கம்? 1889ல் ஜப்பானிய விஞ்ஞானி கிடசாடோ டெட்டனஸ் கிருமியைத் தனியாப் பிரிச்சு வளர்த்தார். அடுத்த வருஷமே பெரிங்கோட சேர்ந்து எதிர்மருந்துக்கு வழி காட்டினார். 1920களில் பிரான்சில் தடுப்பூசி வந்தது. ஜான் தோரோவைக் காப்பாத்தியிருக்கக் கூடிய ஊசி, அவர் போய் எண்பது வருஷம் கழிச்சு.

21/
அதனால கத்தி வாங்கினவங்க, வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு கேளுங்க:
• கடைசியா டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்க? பத்து வருஷம் தாண்டியிருந்தா ஒண்ணு போட்டுக்கோங்க.
• பரு, கொசுக்கடி, புண் மேல கத்தி வைக்காதீங்க.
• வெட்டுப்பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் கழுவுங்க. சின்னக் கசிவுக்குச் சுத்தமான படிகாரம் நல்லாவே வேலை செய்யும்.
• ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்க இந்த ஆசையை விட்டுடுங்க.

22/
• உங்க கத்தி உங்களுக்கு மட்டும். அண்ணன் தம்பிக்குள்ள கூட மாத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ஞ்ச ரத்தத்தில் ஏழு நாள் கூடத் தாங்கும்.
• சலூனில் புது பிளேடை உங்க கண் முன்னாடி மாத்துறாரான்னு பாருங்க. மாத்தலைன்னா கேளுங்க. "அண்ணே, பிளேடு புதுசா போட்டுருங்க"ன்னா எந்த அண்ணனும் கோவிச்சுக்க மாட்டார்.

23/
போன வாரம் நான் வழக்கமாப் போற சலூன் அண்ணன்கிட்ட என் தாடைக் கோட்டைக் காட்டினேன். சிரிச்சார். "சார், நாங்க முதல்ல நுரையை மட்டும்தான் வழிச்சுப் பழகுனோம். ஆளு மேல கை வைக்க ஆறு மாசம் ஆச்சு"ன்னார். வீடியோ பார்த்து ரெண்டு நாளில் கத்துக்க நினைச்ச எனக்கு அது சரியான பாடம்.

24/
அண்ணன் இறந்து சில நாளில் ஹென்றி தோரோவுக்கும் தாடை இறுகினது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. துக்கம்தான் அப்படி வந்தது. பிழைச்சுக்கிட்டார். 1839ல் ரெண்டு பேரும் படகில் போன பயணத்தை அண்ணன் நினைவா ஒரு புத்தகமாவே எழுதினார். அது 1849ல் வெளிவந்தது.
ஒரு விரல் கீறலுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. ஊசி இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாவே கிடைக்குது. கத்தியைப் பழகுறதுக்கு முன்னாடி அதைப் போட்டுக்கோங்க.

சவரக்கத்தி வாங்கின நண்பனுக்கு இதை அனுப்பி வைங்க.