ஒரே பெட்டிக்குள் ஒரு வரலாறு



வீடியோ கேம் என்றதும் "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. அதை அழகாகக் காட்டுவது, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்' என்னும் தொகுப்பு. நான்கு பழைய மாரியோ விளையாட்டுகளை அது ஒன்றாகச் சேர்த்துத் தந்தது.

முதலில் மாரியோ பிறந்த கதையைக் கேளுங்கள். 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. 1980-இல் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டு இயந்திரத்தைச் செய்தது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் சுமார் 2,000 இயந்திரங்கள் விற்காமல் தேங்கிவிட்டன. அவற்றுக்குள் போட வேறு விளையாட்டு வேண்டுமே! அந்தப் பொறுப்பு சிகெரு மியாமொட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. 1981-இல் அவர் 'டாங்கி காங்' விளையாட்டை உருவாக்கினார். உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி, ஏணியில் ஏறிப் போகும் தச்சன்தான் அதன் நாயகன். அவனே பின்னாளில் மாரியோ.

அவனுக்கு மீசை ஏன், தொப்பி ஏன் தெரியுமா? திரையில் சில புள்ளிகளை வைத்துத்தான் அன்று உருவம் வரைய முடியும். வாய் வரைய இடமில்லை, மீசை வந்தது. தலைமுடி வரைவது சிரமம், தொப்பி வந்தது. குறையையே நிறையாக்கிவிட்டார் மனிதர்!

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். அதற்குள் 32 கட்டங்கள்! இடத்தை மிச்சப்படுத்த, மேகத்தின் வடிவத்துக்கே பச்சை வண்ணம் பூசிப் புதராக்கினார்கள்.

1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம் மிகவும் கடினம் என்று அமெரிக்காவுக்கு அனுப்பப்படவில்லை. அதற்குப் பதிலாக, 1987-இல் வந்த வேறொரு ஜப்பானிய விளையாட்டின் நாயகர்களை மாற்றி, மாரியோவையும் கூட்டாளிகளையும் வைத்து, 1988-இல் இரண்டாம் பாகம் என்று அங்கே விற்றார்கள். முதலில் ஒதுக்கப்பட்ட அந்தக் கடினமான பாகம் ஜப்பானுக்கு வெளியே வந்ததே 1993-இன் தொகுப்பில்தான். ஏழு ஆண்டுகள் மறைந்திருந்த ஒன்றை மீட்டுத் தந்தது தொகுப்பு. மூன்றாம் பாகமும் அதில் உண்டு.

தொகுப்பில் இன்னொரு நன்மை. முன்பெல்லாம் சுவிட்சை அணைத்தால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆட வேண்டும். தொகுப்பில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கலாம். படங்களையும் இசையையும் புதுப்பித்திருந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய விளையாட்டில் செங்கல்லை முட்டி உடைத்தால் மாரியோ உடனே கீழே விழுவான். தொகுப்பிலோ தொடர்ந்து மேலே போவான். சின்ன மாற்றம்தான், பழகிய கை அதை உணர்ந்துவிடும். பழையதைப் புதுப்பிக்கும்போது ஏதோ ஒன்று நழுவத்தான் செய்கிறது. ஆகவே புதுப்பித்த தொகுப்பும் வேண்டும், மூலமும் அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும்.

பெற்றோர்களே, வீட்டுப்பாடம் முடிந்த பிறகு பிள்ளை பழைய விளையாட்டை ஆடினால், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். "இதை யார் செய்தது? எந்த வருஷம்? ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேளுங்கள். மாணவர்களே, பதிலைத் தேடிப் பாருங்கள். வரலாறு படிப்பது அப்படித்தான் தொடங்குகிறது.