மலையேற வல்ல எஞ்சின்

நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் வழியில் இறம்பொடைக் கணவாய் இருக்கிறது. அங்கே 1848 ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு விபத்தைச் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1855 இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்தவர் அவர். அவருடைய குதிரைக்காரன் பெர்க்கிஸ் என்பவன் ஓட்டிவந்த வண்டி பள்ளத்தில் உருண்டு விழுந்தது. அதனை மீட்க ஒரு யானை அனுப்பப்பட்டது. அந்த யானையையும் அவன் செங்குத்தான பாதையில் ஓட்டமாக ஓட்டினான். யானை இறந்துபோயிற்று.

யானைக்கு வலிமை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தன் உடற்பாரத்தையும் சுமந்துகொண்டு, ஓய்வின்றி, விரைவாக ஏற்றம் ஏற அதனால் இயலவில்லை. வலிமை வேறு, மலைக்கு ஏற்ற வலிமை வேறு. மலைநாட்டில் பின்னர் வந்த ஒவ்வோர் இயந்திரமும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த பாடம் இதுவே.

காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரம் தடையின்றிச் சுழல வேண்டும். உருட்டிய கொழுந்து யாருக்காகவும் காத்திராது; உரிய நேரத்தில் உலர்த்தாவிட்டால் கெட்டுவிடும். ஆகவே அங்கே விரைவைக் காட்டிலும் நிதானமே தேவைப்பட்டது. அருவி நீரால் சுழலும் சக்கரங்களும், பிற்காலத்தில் கனத்த சுழற்சக்கரம் பூண்ட எண்ணெய் எஞ்சின்களும் அந்த வேலைக்குப் பொருந்தின. அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் எஞ்சினுக்குக் கனம் ஒரு குறையன்று.

நகரும் எஞ்சினுக்கோ கனமே பகை. இரயில் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஏற்றமும் கூர்வளைவும் நிறைந்த அப்பாதைக்காக 1927 இல் காரட் வகை நீராவி எஞ்சின் ஒன்று வரவழைக்கப்பட்டது. நடுவில் ஒரே கொதிகலன். முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பவல்ல இரு சக்கரத் தொகுதிகள். கண்ணுக்கு விந்தையான அமைப்புத்தான். ஆயினும் பாரத்தைப் பல சக்கரங்களில் பகிர்ந்து, வளைவில் வளைந்து செல்லும் வல்லமை அதற்கு இருந்தது.

இந்த மலையிலேதான் 1934 இல் மோட்டார் விளையாட்டுக்காரர்களும் தேர்வுக்கு வந்தனர். நுவரெலியாவை அடுத்த மாகஸ்தோட்டையில், தேயிலைச் செடிகளுக்கு இடையே வளைந்து ஏறும் பாதையில், மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. இத்தகைய போட்டியில் வண்டிகள் அருகருகே ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும்; கடிகாரமே நடுவர்.

பெரும் பொருள் உடையவர் தேர்ந்த பந்தயக் காரை விலைக்கு வாங்கலாம். மற்றவர் என் செய்வது? பழைய வண்டியின் சட்டத்தை எடுத்து, வேண்டாத பாகங்களைக் களைந்து, கிடைத்த எஞ்சினைப் பூட்டித் தாமே ஒரு வண்டி செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் இவ்வாறு உருவானவற்றை 'ஹாட் ராட்' என்றார்கள்; ஆங்கிலேயர் 'ஸ்பெஷல்' என்றார்கள். எந்த எஞ்சினைப் பூட்டுவது என்பதே இத்தகைய வண்டி செய்பவனின் முதற் கேள்வி.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஓட்டுபவரோடு சேர்த்து 1000 கிலோ நிறையுள்ள காரில் 100 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தால், ஒரு குதிரைத்திறன் 10 கிலோவைச் சுமக்கிறது. 300 கிலோ நிறையுள்ள சிறு வண்டியில் 45 குதிரைத்திறனே இருந்தாலும், ஒன்றின் பங்கு 7 கிலோவுக்கும் குறைவு. சிறியது முந்திவிடும்.

நுவரெலியாவில் இன்னொரு தடையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1870 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சினும் மூச்சு விடுகிறது அல்லவா? கொழும்பில் 100 குதிரைத்திறன் தருவது அங்கே 80 அளவே தரும். காற்று குறைவதால் எரிபொருள் மிகையாகிப் புகை கக்கும். கார்புரேட்டரின் துளையைச் சிறிதாக்க வேண்டும். காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜரைப் பொருத்தினால் இழந்த மூச்சை மீட்கலாம்.

இவற்றையெல்லாம் எண்ணிய சிலர் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நாடினர். 1936 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் டேவிட் ஃப்ரை, டிக் சீசர் ஆகியோர் செய்த 'ஃப்ரைகைசர்வாகன்' என்னும் வண்டி இதற்குச் சான்று. பழைய பாகங்களால் ஆன அவ்வண்டியில், ஓட்டுபவருக்குப் பின்னால் இரண்டே சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் இருந்தது. ஷெல்ஸ்லி வால்ஷ் மலையில் ஆறு சிலிண்டர் ஈ.ஆர்.ஏ. காரில் ரேமண்ட் மேஸ் 1939 இல் நாட்டிய சாதனை 37.37 வினாடி. 1949 இல் ஜோ ஃப்ரை அவ்வண்டியில் அதே மலையை 37.35 வினாடியில் ஏறினார். மறு ஆண்டே வேறொரு மலையேற்றத்தில் அதே வண்டியை ஓட்டியபோது அவர் உயிரிழந்தார். வண்டியை இலகுவாக்கும்போது ஓட்டுபவனைக் காக்கும் கவசமும் குறைகிறது என்பதை மறப்பதற்கில்லை.

1946 இல் ஜான் கூப்பரும் அவர் நண்பரும் ஃபியட் சிறு கார்கள் இரண்டின் முன்பாதிகளை இணைத்து, 498 கன சென்டிமீட்டர் ஜே.ஏ.பி. எஞ்சினைப் பின்னால் வைத்தனர். அதிலிருந்து சங்கிலி வழியே சக்கரத்தைச் சுழற்ற அதுவே வசதியான இடமாயிருந்தது. கையில் கிடைத்த பொருளுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் எஞ்சினைப் பின்னால் கொண்ட கூப்பர் கார்களில்தான் ஜாக் பிராபம் 1959 இலும் 1960 இலும் உலகப் பட்டம் வென்றார்.

ஆகவே வழக்கமில்லாத எஞ்சின் என்பதாலேயே அது வெல்வதில்லை. பெரியது என்பதாலும் வெல்வதில்லை. தொழிற்சாலைக்குக் கனத்த எஞ்சின், வளைந்த இருப்புப்பாதைக்கு மடங்கும் எஞ்சின், ஒரே ஓட்டமாய் ஏறும் பந்தயத்துக்கு இலகுவான எஞ்சின். எந்த வேலை, எந்த ஏற்றம், எத்தனை நேரம் என்று முதலில் கேட்பவனே சரியாகத் தேர்கிறான்.

மாகஸ்தோட்டைப் பாதையின் இருபுறமும் கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்டு ஏறிய பெண்களுக்கு இந்தக் கணக்கைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. ஏற்றத்தில் பாரம் எப்படிக் கூடும், மூச்சை எங்கே சேமிக்க வேண்டும் என்பதை அவர்களுடைய கால்கள் அறிந்திருந்தன. பெர்க்கிஸ் அதனை அறிந்திருந்தால், அந்த யானை பிழைத்திருக்கும்.