சிரட்டைக் கரி

எமது சரித்திர நூல்கள் தெங்குப் பொருளாதாரத்தைப் பேசும்போது கொப்பராவையும் எண்ணெயையும் தும்பையும் கணக்கிடுகின்றன. சிரட்டை அவற்றின் கண்ணிற் படுவதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேநீரையும் தண்ணீரையும் சிரட்டையில் வார்த்துக் கொடுத்த சமூகம் அதனை இழிந்த பொருளாகவே கருதிவந்ததில் வியப்பில்லை.

ஆயினும் தெங்குள்ள வளவுகளில் கரி சுடுதல் நுட்பமான ஒரு தொழிலாகும். வளவின் மூலையிற் கிடங்கு வெட்டி, நன்கு காய்ந்த சிரட்டைகளை அடியிற் பரப்பித் தீமூட்டுவர். தீ பற்றியதும் மேன்மேலும் சிரட்டை இடுவர். வெண்புகை திரண்டெழும். அது மெலிந்து நீலம் பாயும் தருணத்திற் கிடங்கைத் தகரத்தால் மூடி, மண்ணிட்டுக் காற்றை அடைத்துவிட வேண்டும். பிந்தினால் மிஞ்சுவது சாம்பல். முந்தினால், எரிக்கும்போது கரி புகையும். சிரட்டையின் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே கரியாகத் தேறும். ஏட்டுக் கல்வி பெறாதவர்கள் புகையின் நிறத்தைக் கொண்டே இவ்வளவையும் கணித்தனர். தட்டாரின் உலைக்கும் சலவைத் தொழிலாளரின் ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் அவர்களே கரி அளித்தனர்.

1915 ஏப்ரல் 22ஆந் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பின் போர்வீரரின் முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. நுண்துளைகள் செறிந்த சிரட்டைக் கரி நச்சு வாயுவைப் பற்றிக்கொள்வதிற் சாதாரண மரக்கரியை விஞ்சி நின்றது. 1918இல் அமெரிக்காவில் அது போதாமையால், பீச் பழக் கொட்டைகளைச் சேகரித்துத் தருமாறு பொதுமக்களிடம் வேண்டினர். அடுப்படிக் கழிவு யுத்தத் தளபாடமாயிற்று.

போர் ஓய்ந்தும் இக்கரியின் தேவை ஓயவில்லை. கடும் வெப்பத்தில் நீராவி பாய்ச்சப்பெற்ற சிரட்டைக் கரி இன்று குடிநீரைத் துப்புரவாக்குகிறது. தங்கச் சுரங்கங்களிற் கரைசலிலிருந்து பொன்னைப் பற்றியெடுக்கிறது. 1970களில் இலங்கையிலும் இத்தொழில் தொடங்கி, அந்நியச் செலாவணியை ஈட்டிவருகிறது.

கிடங்கருகே நிற்பவர் நிலை என்ன? அவர் விற்பது மூலப்பொருள். பதப்படுத்தலால் உண்டாகும் பெறுமதி அவருக்கு அப்பாலேயே சேர்கிறது. நச்சுவாயுவைத் தடுக்கும் பொருளைச் செய்பவர், காபனோரொட்சைட்டு கலந்த புகையை முகமூடியின்றிச் சுவாசிக்கிறார். அப்புகை எரியக்கூடியது, மூடிய சூளைகளில் அதனை எரித்து வெப்பத்தையும் பயன்படுத்தலாம். பெருந்தொழிற்சாலைகளிற் சில இதனைச் செய்கின்றன. தனி வளவுக்காரருக்கு இச்செலவு கட்டுப்படியாகாது. கிராமத்துக்கொரு சூளையைக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கலாமே.