அடையாற்றுப் பலிபீடம்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரை, கத்தோலிக்க சரித்திரத்தில் சாமான்யமான இடமன்று. வடக்கே அர்ச்சியசிஷ்ட தோமையாரின் நினைவைத் தாங்கிய பரங்கிமலை, தெற்கே மாமல்லபுரத்துக் கற்கோயில்களுக்கு அப்பால் டச்சுக்காரர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம், இடையே ஜான் டி மான்டி என்னும் போர்த்துகீசிய வணிகர் 1808-இல் கர்மேல் மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய கோவளம் என்று, அலையோசையும் ஆலயமணியும் கலந்து கேட்கும் கரை இது. இக்கரையின் விசுவாசிகளை மூன்று கேள்விகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கின்றன. பலிபீடத்தை அணுக யாருக்கு உரிமை உண்டு? விசுவாசத்தின் பொருளை நிர்ணயிப்பவர் யார்? அப்படி நிர்ணயிப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? முதலிரண்டு கேள்விகளுக்கும் தயக்கமின்றி விடை கூறிய ஒரு சிறிய சுயாதீனத் திருச்சபைக்கு அடையாறு ஓர் இல்லமாயிற்று. அதன் கதையைச் சொல்வதற்கு முன், அந்த விடை எத்தகைய பூமியில் சொல்லப்பட்டது என்பதைச் சிறிது நினைவுகூர்வது அவசியம்.

1642-இல் சென்னையில் தங்கி ஆங்கிலேயர் கோட்டையின் கத்தோலிக்கருக்கு ஞானகாரியங்களை நடத்தத் தொடங்கிய எப்ரேம் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியை, 1649-இல் சாந்தோமில் போர்த்துகீசியர் பிடித்துக் கோவாவிலிருந்த மத விசாரணை மன்றத்திற்கு அனுப்பினார்கள். விசுவாசத்தில் பிழை என்பது வெளியில் சொல்லப்பட்ட குற்றம்; இந்தக் கரை யாருடைய ஞான ஆளுகைக்கு உட்பட்டது என்ற வழக்கே அதன் அடியில் கிடந்த காரணம். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் பிறப்பித்த கட்டளைகளுள் ஒன்று, நோயுற்றுக் கிடக்கும் பறையர் குலத்தவரின் குடிசைக்குள் குருமார் தாமே நுழைந்து தேவதிரவிய அநுமானங்களை வழங்க வேண்டும் என்பது. கிறிஸ்துவின் சரீரத்தைக் கையிலேந்தியவரை ஒரு குடிசை வாசலுக்குள் கால் வைக்கச் செய்ய ரோமாபுரியிலிருந்து கட்டளை வரவேண்டியிருந்தது என்பதைக் காட்டிலும், பலிபீடத்தை அணுகும் உரிமை இந்நாட்டில் எத்துணை குறுகிக் கிடந்தது என்பதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

ஆளுகை வழக்கோ மேலும் இரண்டு நூற்றாண்டுகள் நீண்டது. 1606-இல் நிறுவப்பெற்ற மயிலை மேற்றாசனம் மேற்றிராணியாரை முன்மொழியும் போர்த்துகல் அரசரின் பதுரோவாதோ உரிமையின் கீழ் இருக்க, சென்னைக் குருமார் ரோமாபுரியில் வேதபிரசாரத்தை நடத்திய புரொப்பகாந்தா சபைக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். 1838-இல் பாப்பரசர் அந்த உரிமையைப் பெரும்பாலும் நீக்கியும், 1886-இல் போர்த்துகலுடன் புதிய உடன்படிக்கை செய்தும், இவ்விரண்டு ஆளுகைகளும் ஒன்றாகிச் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவாவதற்கு 1952-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனை காலத்திலும், எந்த மேற்றிராணியாருக்குக் கீழ்ப்படிய விருப்பம் என்று இக்கரை ஜனங்களை எவரும் முறைப்படி கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்கப்படாத ஜனங்கள் தாமே வாய்திறந்த இடம் இலங்கை. 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தங்கள் கோயில்கள் தங்களைக் கேளாமலே கைமாறுவதைக் கண்ட பதுரோவாதோ விசுவாசிகள், லிஸ்போவா பிந்தோ என்னும் கோவா வைத்தியரின் துணையோடு சுயாதீனக் கத்தோலிக்கச் சபையொன்றை அமைத்தார்கள். கோவாவைச் சேர்ந்த அல்வாரெஸ் சுவாமியார் 1889-இல் கோட்டயத்தில் சுரியானி மேற்றிராணிமாரிடம் அபிஷேகம் பெற்று அவர்களுக்குத் தலைவரானார். அவர் 1892 மே 29-இல் கொழும்பில் வில்லாத் என்னும் பிரெஞ்சுக்காரரை மேற்றிராணியாராக அபிஷேகம் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். இன்று மேல்நாடுகளில் பரவியிருக்கும் சுயாதீனக் கத்தோலிக்கச் சபைகள் பல தங்கள் குருத்துவப் பரம்பரையை இந்தக் கொழும்பு அபிஷேகத்திலிருந்தே கணக்கிடுகின்றன என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. அல்வாரெஸ் தம் இறுதிக் காலம் வரை கோவாவில் ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் தொண்டு செய்து 1923-இல் காலமானார்.

அடையாற்றுக்கு வந்த பரம்பரை வேறொரு வழியில் வந்தது. ரோமாபுரியின் அநுமதியின்றி 1724-இல் தனக்கென ஒரு மேற்றிராணியாரை அபிஷேகம் செய்துகொண்ட ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் சபையே அதன் மூலம். 1870-இல் பாப்பரசரின் தவறா வரத்தைச் சித்தாந்தமாக ஏற்க மறுத்தவர்கள் அந்தச் சபையோடு உறவு கொண்டு 'பழைய கத்தோலிக்கர்' எனப் பெயர் பெற்றார்கள். 1908-இல் உட்ரெக்டில் அபிஷேகம் பெற்ற மாத்யூ என்னும் ஆங்கிலேயரின் குருமார் சிலர் பிரம்மஞான சபையிலும் (தியாசபிகல் சொசைட்டி) அங்கத்தினராயிருந்தனர். அந்தச் சபையை விட்டு விலகுமாறு 1915-இல் மாத்யூ ஆணையிட்டபோது அவர்கள் மறுத்து, 1916 பிப்ரவரியில் வெட்ஜ்வுட் என்பவரைத் தங்கள் மேற்றிராணியாராக்கிக் கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் சிட்னி நகரில் வெட்ஜ்வுட் அபிஷேகம் செய்த லெட்பீட்டர், 1884-இலேயே அடையாற்றுக்கு வந்து பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்தவர். 1918-இல் அவர்கள் தங்களுக்கு லிபரல் கத்தோலிக்கத் திருச்சபை என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

பிரம்மஞான சபை 1882-இல் ஹடில்ஸ்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியபோது அடையாற்றின் தென்கரை சைதாப்பேட்டைத் தாலுகாவில், செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தது. சகல சமயங்களுக்கும் இடமளிக்கும் அந்தத் தோட்டத்தில், இந்துக் கோயிலும் பௌத்த ஆலயமும் பார்சிகளின் ஆலயமும் மசூதியும் இருக்கும் அதே மரநிழலில், இத்திருச்சபையின் சிறு ஆலயமும் இருக்கிறது. மெழுகுவர்த்தியும், தூபக்கலசத்தின் புகையும், பொன்னிழை நெய்த பூசை அங்கியும், ஏழு தேவதிரவிய அநுமானங்களும் பழைய கத்தோலிக்க முறைப்படியே அங்கு அநுஷ்டிக்கப்படுபவை. கண்ணுக்குப் புலனாகும் சடங்கில் வேற்றுமை அதிகமில்லை. வேற்றுமையெல்லாம் சடங்கின் உள்ளே பேசப்படும் சொல்லில் இருந்தது. தேவகோபம், நித்திய நரகம், நடுங்கிக் கெஞ்சும் பிரார்த்தனை ஆகியவற்றை அவர்கள் தங்கள் பூசைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பிதாவை அஞ்சி அணுகுவது பிள்ளைகளுக்குத் தகாது என்பது அவர்களுடைய கொள்கை.

சித்தாந்த விஷயத்தில் அவர்கள் கொண்ட நிலை இன்னும் துணிவானது. விசுவாசப் பிரமாணத்தையும் வேதாகமத்தையும் மரபையும் அவரவர் அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் ஏற்ப வியாக்கியானம் செய்துகொள்ளப் பூரண சுதந்திரம் உண்டு. கருத்து வேறுபடுவோர் மரியாதையோடு வேறுபட வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. மறுபிறப்பை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே கிராதியில் முழந்தாளிட்டு நற்கருணை வாங்கலாம். பாவசங்கீர்த்தனம் விரும்புவோருக்கு உண்டு, கட்டாயமில்லை. குருமார் விவாகம் செய்துகொள்ளலாம். ஆனால் ஊதியம் கிடையாது, வேறு தொழில் செய்து பிழைக்க வேண்டும். பிற சபையாரைத் தங்கள் பக்கம் இழுப்பது தங்கள் நோக்கமன்று என்றும், பக்தியோடு வருகிற எவருக்கும் பலிபீடம் திறந்திருக்கிறது என்றும் அவர்கள் பிரகடனம் செய்தார்கள். சாதிவாரியாக ஜனங்களைப் பிரித்து வைப்பதற்கென்றே இரு கிளையாகக் கட்டிய கோயிலின் பிரிவுச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்ட வடக்கன்குளத்தைக் கண்ட தமிழகத்தில், 'எவருக்கும்' என்ற அந்த ஒரு சொல்லின் பெறுமதி சிறிதன்று.

ஆயினும் சரித்திரம் எழுதுகிறவன் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. விசுவாசத்தில் சுதந்திரம் தந்த இத்திருச்சபை, தேவதிரவிய அநுமானங்களின் சூட்சும இயல்பைத் தம் ஞானதிருஷ்டியால் கண்டதாகச் சொன்ன லெட்பீட்டரின் வாக்குக்குப் பெரும் மதிப்புத் தந்தது. கண்டேன் என்று ஒருவர் சொல்லும்போது, காணாதவர் அவரோடு எவ்வாறு வாதிப்பது? சிறுவர்களுக்கு அவர் கூறிய போதனை பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்து, 1906-இல் அவர் பிரம்மஞான சபையிலிருந்து விலக நேர்ந்ததும், சில ஆண்டுகளில் அவர் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், அப்பால் மேற்றிராணியாராக உயர்த்தப்பட்டதும் மறைக்கத்தக்கவையல்ல. மனச்சாட்சியின் சுதந்திரத்தைப் போற்றும் ஸ்தாபனம், தன் தலைவர்களின் நடத்தைக்குக் கணக்குக் கேட்பதில் பிறரினும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும், அவ்வாறு இருக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரைத் தலைவராகக் கொண்ட பிரம்மஞான சபையின் நடுவே வளர்ந்தும், இத்திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டத்தை மறுத்தே வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பகுதியார் அதனை வழங்க முற்பட்டபோது சபையே இரண்டுபட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆங்கிலத்தில் இயற்றிய அந்தப் பூசை, ஆங்கிலம் கற்ற பிரம்மஞானிகளின் வட்டத்தை அதிகம் தாண்டவில்லை. எவருக்கும் திறந்த அந்தப் பலிபீடத்துக்கும், அதே கரையில் வலையுலர்த்திய கோவளத்து ஜனங்களுக்கும் இடையே மொழி என்னும் கதவு சாத்தியே கிடந்தது.

2002-இல் செங்கற்பட்டுக்கெனத் தனி மறைமாவட்டம் அமைந்தது. ரோமாபுரியோடு ஐக்கியப்பட்ட இந்தப் பெரிய சபை தன் பிரமாணங்களை விட்டுவிட வேண்டுமென்று நாம் கோரவில்லை. அடையாற்றாரின் மறுபிறப்புக் கொள்கையும் ஞானதிருஷ்டியும் நமக்கு வேண்டியவையுமல்ல. ஆனால் பயமுறுத்தாமல் போதிக்கவும், வேறுபடுகிறவனை மரியாதையோடு கேட்கவும், வருகிறவனைப் பிறப்பும் பூர்வோத்தரமும் விசாரிக்காமல் பந்தியில் அமர்த்தவும் அந்தச் சிறிய சபையிடம் கற்கலாம். அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் துணிவைக் கொழும்பு விசுவாசிகளிடம் கற்கலாம். திறந்த பலிபீடமும் கணக்குக் கேட்கும் ஜனமும் ஒரே கோயிலில் அமையவேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இந்தக் கடற்கரையின் சரித்திரமே சாட்சி. ஆகையால் வாசகர்களே, உங்கள் ஊர்க் கோயிலில் கடைசி வரிசையிலும், கல்லறைத் தோட்டத்தின் ஒதுக்கப்பட்ட மூலையிலும் யார் இருக்கிறார்கள் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நின்று பாருங்கள். அதற்குக் காரணம் என்னவென்று உங்கள் பங்குச் சுவாமியாரைக் கேளுங்கள்.